குளிர்ந்த எஞ்சினும் நாலு தேசிக்காயும்

அந்த வெள்ளிக்கிழமை காலை கராஜ் முற்றத்தில் நின்றவர்கள் மூன்று பேர். காரின் சொந்தக்காரர் சிவநேசன் அண்ணை, அவருடைய மனைவி பவளம் அக்கா, நான். நிற்காதவர் ஒருவர்: கராஜின் செஃப், அதாவது முதலாளி, ரேகுலா என்ற சுவிஸ்காரி. பல்லுப் பிடுங்கப் போயிருந்தார். அவர் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

எனக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. கராஜ் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன். சிரிக்க வேண்டாம், உண்மையாகத்தான். எஞ்சின் எண்ணெயும் குளிர்நீர் மருந்தும் என் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, கடைசியில் டொக்டர் கடிதம் எழுதி, காப்புறுதிக்காரர் ஒப்புக்கொண்டு, "இனி இந்தத் தொழில் செய்யக்கூடாது" என்று முத்திரை குத்திவிட்டார்கள். இப்போது பாசல் நகரில் ஒரு உதிரிப்பாகக் கடையில் இருந்து, மற்ற மெக்கானிக்மாருக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்கிறேன். கை சுத்தம். ஆனால் லேர, அதாவது தொழிற்பயிற்சி, செய்யும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் விடுவதாயில்லை. "தர்சன் அண்ணை, அந்தத் தேசிக்காய்க் கதையை ஒருக்கா ஒழுங்கா எழுதுங்கோவன். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லீனம்." ஒழுங்காக எழுதுகிறேன். பிழை விட்டவன் நான் என்பதையும் சேர்த்தே.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். லேர ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த அன்று அம்மா கேட்டார்: "இது படிப்போ, வேலையோ?" "ரெண்டும், அம்மா. மூண்டு நாள் கராஜ், ரெண்டு நாள் பள்ளிக்கூடம்." "அப்ப ரெண்டையும் ஒழுங்காச் செய்." அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தொழில் வழிகாட்டல். நாலு வருடம் ஒழுங்காகச் செய்தேன். ஒரு பெரிய கராஜில் பிரேக் மாற்றி, ரயர் மாற்றி, கொம்பியூட்டரில் பிழை இலக்கம் வாசித்து டிப்ளோம் எடுத்தேன். பிறகுதான் பாடன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரேகுலாவின் சின்னக் கராஜுக்கு வந்தேன். கார் தூக்கும் லிஃப்ட் மூன்று, ஒரு கோப்பி மெஷின், அவர், நான்.

ரேகுலாவுக்கு என்னைவிடப் பத்து வயதுதான் கூட. அவரைப் பற்றித் தெரிய வேண்டியது ஒன்று: பெயின்ற் அடிப்பவர்கள் பாவிக்கும் காகித ஒட்டுநாடா எப்போதும் அவர் இடுப்பில் ஒரு சுருள் தொங்கும், காதில் பென்சில் இருக்கும். கழற்றுகிற ஒவ்வொரு ஆணியிலும் ஒரு துண்டு ஒட்டுவார். எங்கேயிருந்து வந்தது, எத்தனை நியூற்றன் மீற்றர் இறுக்கம், யார் கழற்றியது. கோப்பி மெஷினில்கூட ஒரு துண்டு இருந்தது: "கடைசிக் கோப்பையைக் குடித்தவர் தண்ணீர் நிரப்பவும். அது நீ." கோபம் வந்தால் அவருடைய குரல் உயராது. எழுத்துத்தான் சின்னதாகும். கோபம் கூடக் கூட எழுத்து இன்னும் சின்னதாகும். வந்த முதல் மாதம் ஒரு எண்ணெய் மூடியை இறுக்க மறந்ததற்கு அவர் எழுதித் தந்த துண்டை வாசிக்க நான் கைபேசியில் படம் பிடித்துப் பெருப்பிக்க வேண்டியிருந்தது.

இப்போது காருக்கு வருவோம்.

சிவநேசன் அண்ணை பஸ் சாரதி. நகர பஸ் ஓட்டுகிறவர். "தம்பி, இருவது வருசமா ஐம்பதுக்கு மேலை போகாத கால் இது," என்று வலது காலைத் தட்டிக் காட்டுவார். ஒரு நாள் அந்தக் கால் தாங்காமல், ஒரு விவசாயியின் கொட்டிலில் தூசி பிடித்துக் கிடந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவிட்டார். தொண்ணூறுகளில் ஹிரோஷிமாவில் செய்தது. முன் விளக்குகள் கண் இமை திறப்பதுபோல் மேலே எழும்பும். கம்பனிப் பெயர் சொல்லவில்லை, ரோட்டரி என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்கு: வழக்கமான எஞ்சினில் பிஸ்ரன் மேலும் கீழும் ஓடும். ரோட்டரியில் பிஸ்ரனே இல்லை. வயிறு புடைத்த முக்கோணம் ஒன்று, இடுப்பு ஒடுங்கிய நீள்வட்டப் பெட்டிக்குள் சுழலும். அந்தச் சுழற்சியிலேயே மூச்சு இழுத்து, நெருக்கி, வெடித்து, வெளியே விடும். இந்தக் காரில் அப்படி இரண்டு முக்கோணம். மொத்தம் ஆயிரத்து முந்நூறு சி.சி.தான், ஒரு சின்னக் குடும்பக் காரின் அளவு. ஆனால் இரண்டு ரேர்போ சேரும்போது இருநூற்று நாற்பது குதிரை அளவில் இழுக்கும். முதலாவது ரேர்போ மெதுவாகப் போகும்போதே உதவும். இரண்டாவது நாலாயிரத்து ஐந்நூறு சுற்றுக் கிட்டத்தான் வந்து சேரும். அந்த மாறுதலை நடத்துவதற்கு எழுபதுக்குக் கிட்ட மெல்லிய ரப்பர்க் குழாய்கள், இடியப்பம் மாதிரி. ஒன்று வெடித்தாலும் இரண்டாவது ஆள் வேலைக்கு வரமாட்டார்.

ரோட்டரியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மன்காரர். உரிமம் வாங்கிய எத்தனையோ கம்பனிகள் முயன்று பார்த்துக் கைவிட்டன. ஹிரோஷிமாக்காரர் விடவில்லை. முக்கோணத்தின் மூன்று முனையிலும் காற்றுக் கசியாமல் சுவரைத் தடவிக்கொண்டு ஓடும் மெல்லிய உலோக முத்திரைத் தகடுகள் உண்டு. அவை அதிர்ந்து அதிர்ந்து சுவரில் அலையலையாகக் கீறின. எஞ்சினியர்மார் அதற்குப் "பிசாசின் நகக்கீறல்" என்று பெயர் வைத்தார்கள். அதைத் தீர்க்கப் பார்க்காத பொருள் இல்லையாம். மாட்டெலும்பு, குதிரையெலும்பு வரைக்கும் செதுக்கிப் போட்டுப் பார்த்தார்களாம். இதை நான் சொன்னதும் சிவநேசன் அண்ணை என் வாயைப் பொத்தாத குறை. "மாட்டெலும்போ? பவளத்திட்டைச் சொல்லிப்போடாதை. பிறகு காரிலை ஏற மாட்டா." நல்ல வேளை, கடைசியில் வென்றது எலும்பு இல்லை, கரியும் அலுமினியமும் கலந்த தகடு. தொண்ணூற்றொன்றில் பிரான்சின் இருபத்துநாலு மணித்தியால ஓட்டத்தில் நாலு முக்கோணம் வைத்த அவர்களுடைய கார் முதலாவதாக வந்தபோது, கைவிட்ட கம்பனிகள் என்ன நினைத்தனவோ தெரியாது.

அண்ணையின் காருக்கு மூச்சு இல்லை. எஞ்சினைப் பிரித்துக் கட்ட வேண்டும். நான் ரேகுலாவிடம் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"இது எங்கள் வேலை இல்லை. கட்டத் தெரிந்தவர்களே திரும்பத் திரும்பக் கட்டுகிற எஞ்சின் இது."

"புத்தகம் முழுக்கப் படிச்சிட்டன்."

"புத்தகம் படித்தவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்."

மூன்று நாள் கேட்டேன். நாலாம் நாள் என் கருவிப் பெட்டியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது, எழுத்து நடுத்தர அளவில்: "ஒரு தடவை. வாகனப் பரிசோதனையில் முதல் தவணையிலேயே பாஸ் ஆனால் பின் மேசை உனக்கு, ரோட்டரி வேலை எடுக்கலாம். ஆகாவிட்டால் முக்கோணம் எதுவும் இந்தக் கதவுக்குள் வராது. ரே." பாடத்தில் பாஸாவது எனக்குப் பழக்கம். ஆனால் இது நானாக விரும்பித் தெரிந்தெடுத்த முதல் பாடம். அந்தப் பின் மேசை எனக்கு வேண்டும் என்பதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, கண்பட்டுவிடும் என்று.

குளிர்காலம் முழுக்க அந்த எஞ்சின். முனைத் தகடுகள் இரண்டு மில்லிமீற்றர் அகலம், முக்கோணத்துக்கு மூன்று. அவையல்ல தலையிடி. பக்க முத்திரைகள்தான். வில்லுப்போல வளைந்த மெல்லிய கம்பிகள், ஒரு முக்கோணத்துக்கு ஆறு, இரண்டுக்கும் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் நுனியையும் அதனதன் இடத்துக்கு ஏற்றபடி கையால் அரத்தில் தேய்க்க வேண்டும். விடுகிற இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு. தேய்ப்பது, துடைப்பது, வைப்பது, அளவுத் தகட்டை நுழைப்பது. நுழையாவிட்டால் மறுபடியும் இரண்டே இரண்டு இழுவை. பதினொன்றைச் சரியாக முடித்த சந்தோசப் புளுகத்தில் பன்னிரண்டாவதுக்கு மூன்று இழுவை இழுத்துவிட்டேன். புதுசு வர மூன்று கிழமை. ரேகுலா கெட்டுப்போன கம்பியை எடுத்து, "11-உம் 12-உம் ஒன்றல்ல" என்று எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டினார். வாசிக்கக்கூடிய எழுத்துத்தான். அதனால் மன்னித்துவிட்டார் என்று தெரிந்தது.

வசந்தத்தில் எஞ்சின் ஓடியது. பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுழற்றிக் காது கொடுத்தால் புஸ், புஸ், புஸ், மூன்றும் ஒரே அளவு. மூன்று முகமும் மூச்சுப் பிடிக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே நான் ஒரு துண்டு எழுதி ஸ்ரியரிங்கில் ஒட்டினேன், என் கையெழுத்தில், ஜெர்மனில்: "குளிராக இருக்கும்போது ஸ்ராட் பண்ணினால், சூடாகும் வரை நிப்பாட்டாதே!!!" மூன்று ஆச்சரியக்குறி.

காரணம் இருக்கிறது. குளிரில் இந்த எஞ்சின் பெற்றோலை அள்ளிக் குடிக்கும். தொடக்கிய உடனே அணைத்தால், எரியாத பெற்றோல் உள்ளே தேங்கி, சுவரில் இருக்கிற எண்ணெயைக் கழுவிவிடும். எண்ணெய் இல்லாவிட்டால் தகடுகள் காற்றைப் பிடிக்காது. காற்றைப் பிடிக்காவிட்டால் எஞ்சின் திரும்ப ஓடாது. கராஜிலிருந்து வெளியே பத்து மீற்றர் எடுத்து நிற்பாட்டினாலே போதும், ஆள் மயங்கிவிடும். ரோட்டரிக்காரர் எல்லாருக்கும் இது அரிச்சுவடி.

வெள்ளிக்கிழமை. பரிசோதனை மத்தியானம் ஒன்றரைக்கு. என் திட்டம்: பதினொன்றரைக்கு ஸ்ராட் பண்ணி, நன்றாகச் சூடாக்கி, ஆறுதலாக ஓட்டிக்கொண்டு போவது. பத்தேகாலுக்கு அண்ணையும் அக்காவும் வந்தார்கள். அக்கா பட்டுச் சேலைக்கு மேலே குளிர் ஜாக்கெற் போட்டிருந்தார். கையில் தாம்பாளம்: கற்பூரம், விபூதி, சந்தனம், குங்குமம், தமிழ்க் கடையில் வாங்கிய நாலு பச்சைத் தேசிக்காய், அதாவது எலுமிச்சை.

"தம்பி, காரை வெளியிலை எடும். பத்தரைக்கு ராகுகாலம் துவங்குது."

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. இது சூடாக வேணும். அரை மணித்தியாலம்..."

"அரை மணித்தியாலமோ? ராகுகாலத்திலையோ சில்லுக்குத் தேசிக்காய் வைக்கிறது? பூசை பண்ணாத காரிலை இவரைப் பரிசோதனைக்கு விடமாட்டன். ஒரு மீற்றர் தானே, உருட்டிப்போட்டு நிப்பாட்டும்."

சிவநேசன் அண்ணை என்னைப் பார்த்தார். அவருக்கும் ஸ்ரியரிங்கில் இருந்த துண்டு தெரியும். "தம்பிக்குத் தெரியாததே, பவளம்," என்றார் மெல்ல. அது எனக்கு உதவி செய்கிற பேச்சா, தான் தப்புகிற பேச்சா என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

தள்ளியிருக்கலாம். கியரை நியூற்றலில் போட்டு மூன்று பேரும் கை கொடுத்தால் கார் உருண்டிருக்கும். அந்த யோசனை அந்த நேரத்தில் வரவில்லை. பூசைக்குக் கார் ஓட வேண்டும் என்றுதான் மூளையில் பதிந்திருந்தது. அதோடு, பட்டுச் சேலையோடு நின்று ஒரு அக்கா "நிப்பாட்டும்" என்று சொல்ல, "ஏலாது" என்று சொல்ல என்னை யாரும் வளர்க்கவில்லை. தேசிக்காய்களை நாலு சில்லுக்கும் முன்னால் வைத்தேன். ஸ்ராட் பண்ணினேன். கார் கொட்டாவி விட்டு எழும்பியது. ஒரு மீற்றர். சளக், சளக். முற்றமெல்லாம் தேசிக்காய் வாசம்.

"சரி, நிப்பாட்டும். கற்பூரம் கொளுத்தப் போறன், சத்தம் வேண்டாம்."

நிப்பாட்டினேன். கை திறப்பிலிருந்து வர முன்னமே கண் அந்த மூன்று ஆச்சரியக்குறியில் போய் நின்றது.

தீபம் காட்டி, முன்மூடிக்கு விபூதி, எண் பலகைக்குச் சந்தனம், குங்குமம். எல்லாம் முடிந்து நான் திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, சுற்றியது. பிடிக்கவில்லை. புஸ், புஸ் இல்லை. ஈரத் துணியை உதறுகிற சத்தம்.

"என்ன தம்பி?" என்றார் அக்கா.

"மயங்கிட்டுது, அக்கா."

"இப்பதானே பூசை செய்தனாங்கள்!"

"அதாலைதான்" என்று சொல்ல வந்த அண்ணை, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு இருமினார்.

பத்தே முக்காலுக்கு ரேகுலா வந்து இறங்கினார். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு. மரத்துப்போன வாயால் கதைக்க முடியாது. காரைப் பார்த்தார். நசிந்த தேசிக்காயைப் பார்த்தார். நெற்றியில் விபூதியோடு நின்ற என்னைப் பார்த்தார். திறந்திருந்த யன்னலுக்குள்ளே எட்டி, ஸ்ரியரிங்கிலிருந்த துண்டைப் பக்குவமாக உரித்து, என் நெஞ்சில் ஒட்டி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டார். பிறகு பென்சிலை எடுத்தார்.

எழுத்து கடுகு அளவு. ஆனால் எழுதியது திட்டு இல்லை. "1. பெற்றோல் பம்ப் ஃபியூஸ்."

அப்போது எனக்கு உயிர் வந்தது.

ஃபியூஸைப் பிடுங்கினேன். தீப்பொறிக் கம்பிகளை விலக்கினேன். "2. பிளக் நாலும்." அவர் காருக்குப் பக்கத்தில் குந்த வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். தாம்பாளத்தில் அக்கா கட்டி கட்டியாய்ப் போட்ட கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, பெற்றோல் ஒழுகப்போகிற இடத்திலிருந்து இரண்டு எட்டில். நான் பயந்தே போனேன். அக்கா அதைவிடப் பயந்தார், இந்த வெள்ளைக்காரி சாமியை ஊதி அணைத்துவிடுவார் என்று. ரேகுலா இரண்டு கையாலும் தாம்பாளத்தைத் தூக்கி, சுடரை உடம்பால் மறைத்துக்கொண்டு முற்றத்தின் அடுத்த கரைக்கு நடந்து, ரயர் அடுக்கின் உச்சியில் வைத்தார். தாம்பாளத்திலும் ஒரு துண்டு ஒட்டினார்: "இங்கேயே இருக்கவும்."

"ஊதேல்லை, பாத்தியளோ?" என்றார் அக்கா அண்ணையிடம். "உங்களை மாதிரி இல்லை."

பிளக் நாலும் இடப்பக்கம் கீழே. கழற்றினால் நாலும் நனைந்து கறுத்திருந்தன. "3. சுற்று." சுற்றினேன். துளைகளிலிருந்து பெற்றோல் புகையாய்ப் பீறியது. பத்து விநாடி சுற்றுவது, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி. பீறுவது நிற்கும் வரை. "4. எண்ணெய், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தேக்கரண்டி." கோப்பி மேசையிலிருந்த கரண்டியே போனது. எண்ணெய் சுவரில் பரவ, கையால் மெதுவாகச் சுழற்றினோம். அவர் துளைப் பக்கம் காதைக் கொடுத்து விரலைத் தூக்கினார். புஸ். நீண்ட நேரத்துக்குப் பிறகு புஸ். பிறகு ஒன்றுமில்லை. மூன்றில் இரண்டு முகம்தான் பிடிக்கிறது.

மணி பதினொன்று ஐம்பது. பாதை ஐம்பத்தைந்து நிமிடம். நான் ரேகுலாவிடம், "பரிசோதனையைத் தள்ளி வைக்கச் சொல்லிப் போன் அடிக்கவோ?" என்று கேட்டேன். தள்ளி வைத்தால் முதல் தவணை என்ற கதை முடிந்தது, பின் மேசையும் போனது என்று இருவருக்கும் தெரியும். அவர் ஒரு துண்டு எழுதி என் நெஞ்சில் இருந்த துண்டுக்குக் கீழே ஒட்டினார். "5. இன்னும் ஒரு கரண்டி. 6. பேசாதே."

இன்னொரு கரண்டி. புதுப் பிளக் நாலு. ஃபியூஸ் உள்ளே. பற்றறி களைத்துப் போனதால் அவருடைய வான் வண்டியிலிருந்து கேபிள். திறப்பில் கை வைத்தேன்.

"பொறும்!" என்றார் அக்கா, மணிக்கூட்டைப் பார்த்தபடி. "பன்னிரண்டுக்குத்தான் ராகுகாலம் முடியுது."

நான் ரேகுலாவைப் பார்த்தேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அக்காவின் உயர்ந்த கையைப் பார்த்து, பஞ்சு வாயோடு சரியென்று தலையை ஆட்டினார். இரண்டு நிமிடம் நாலு பேரும் சும்மா நின்றோம். அந்த இரண்டு நிமிடமும் எண்ணெய் இறங்கிப் படியப் பயன்பட்டது என்று ரேகுலா பிறகு விளக்கம் சொன்னார். அக்காவிடம் வேறு விளக்கம் இருக்கிறது.

பன்னிரண்டு ஒன்றுக்குத் திருப்பினேன். ஒரு இருமல். இன்னொன்று. பிறகு பிடித்துக்கொண்டது. பின்னாலே வெள்ளைப் புகை ஒரு மலை மாதிரி எழும்பி, முற்றம், ரயர் அடுக்கு, தாம்பாளம், அக்கா எல்லாவற்றையும் மூடியது. புகைக்குள்ளிருந்து அக்காவின் குரல்: "அம்மாளாச்சி!" அடுத்த குரல் அண்ணையுடையது: "பவளம், எங்கை நிக்கிறாய்?" எதிர்க் கட்டடத்தில் யன்னல்கள் திறந்தன. ரேகுலா நிமிர்ந்து நின்று அவர்களுக்குக் கை காட்டினார், ஒன்றும் நடக்காததுபோல.

காலையில் நான் கேட்ட அரை மணித்தியாலச் சூடாக்கலையும் ரேகுலா விடவில்லை. பன்னிரண்டரைக்கு முன் காரை அசைக்க விடவேயில்லை. அண்ணை ஓட்டினார், நான் பக்கத்தில். வழியில் இரண்டாவது ரேர்போ வேலைக்கு வந்தபோது அவருடைய வலது கால் சிரித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்று இருபத்தாறுக்கு வாசலில் நின்றோம்.

பரிசோதகர் மூக்கை உறிஞ்சினார். "எலுமிச்சையா?" என்றார். "ஓம், ரயருக்கு," என்றேன். வேறு என்ன சொல்ல? அடியில் பார்த்தார், பிரேக் பார்த்தார், புகை அளந்தார், எழுபது குழாயையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கடைசியில் தாளில் ஒரு குறை எழுதினார். குறை இது: "எண் பலகையில் சிவப்பு மண். வாசிக்க முடியவில்லை." அண்ணை பாய்ந்து போய்த் தன் கைலேஞ்சியால் குங்குமத்தைத் துடைத்தார். பரிசோதகர் அந்த வரியைக் கீறிவிட்டு முத்திரை குத்தினார். முதல் தவணை.

திங்கட்கிழமை பின் மேசையின் இழுப்பு லாச்சியில் ஒரு துண்டு: "ரோட்டரி. தர்சன்." வழமையான எழுத்து, இல்லை, கொஞ்சம் பெரிய எழுத்து.

அதற்குப் பிறகு ஒன்பது ரோட்டரி கட்டினேன், தோல் தாங்கும் வரைக்கும். சொந்தக்காரர்களில் ஒருவர்கூடத் தமிழர் இல்லை. ஆனால் ஒவ்வொரு கார் வெளியே போகும் நாளிலும் ரேகுலா தமிழ்க் கடைக்குப் போய் நாலு தேசிக்காய் வாங்கி வந்தார். வேலைப் படிவத்தில் கடைசி வரியாகவே அதைச் சேர்த்துவிட்டார்: "எஞ்சினை ஓடவிடாமல், நியூற்றலில், கையால் தள்ளி." ஏன் என்று கேட்ட சுவிஸ்காரருக்கு, "முதல் காரில் வேலை செய்தது, மாற்றக் காரணம் இல்லை," என்பார்.

நான் விலகிய நாளில் பவளம் அக்கா வடை சுட்டுக்கொண்டு வந்தார். ரேகுலா ஒரு பில் கொண்டு வந்தார். அந்த வெள்ளிக்கிழமைக்கானது. இத்தனை வருடமாக லாச்சிக்குள் கிடந்து, காருக்குக் கார் தேசிக்காய்க் கணக்கும் ஏறியிருந்தது. அதை அப்படியே பிரதி பண்ணுகிறேன், லேர செய்யும் தம்பி தங்கச்சிமார் பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

பிளக் நாலு: எண்பத்தெட்டு பிராங். எண்ணெய் ஒரு லீற்றர்: பதினாறு பிராங். தேசிக்காய் முப்பத்தாறு, ஒன்றுக்கு எழுபது றாப்பன் (சுவிஸ் சதம்) வீதம்: இருபத்தைந்து பிராங் இருபது. முதல் நாலு தேசிக்காய்: பவளத்தின் அன்பளிப்பு. வேலை நேரம்: அறவிடப்படாது. மொத்தம், அண்ணையும் ரேகுலாவும் நானும் மூன்றாகப் பிரித்துக் கட்டியது: நூற்று இருபத்தொன்பது பிராங் இருபது றாப்பன்.